1000 துண்டு ஜிக்சா படத்தில் இருக்கிற இங்கிலாந்து கிராமம்: அங்கே யார் இருந்தார்கள், என்ன வேலை செய்தார்கள்?

#1 புதிர்ப்பெட்டி

வணக்கம் மக்களே. லண்டனிலிருந்து வந்த அக்கா ஒரு 1000 துண்டு ஜிக்சா வாங்கி வந்தாள். பதினோரு ராத்திரி உட்கார்ந்து அடுக்கி முடித்தேன். வானம் மட்டுமே உயிரை எடுத்தது, எல்லாத் துண்டும் ஒரே நீலம்.

படம் இதுதான்: சரிவான ஒரு தெரு. இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவர், வைக்கோல் கூரை, எல்லா வீடும் ஒரே அச்சு. வீட்டுக்கு முன்னால் வெட்டிவிட்ட புல்தரை. பெட்டியில் "மில்டன் அப்பாஸ், டார்செட்" என்று போட்டிருக்கிறது. டார்செட் தெற்கு இங்கிலாந்தில் ஒரு மாவட்டம்.

அடுக்கும்போதே ஒரு சந்தேகம். 1800களில் இந்தத் தெருவில் இருந்தவர்கள் வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்தார்கள்? படத்தில் பட்டறை இல்லை, தொழுவம் இல்லை, கொடியில் ஒரு துணிகூடக் காயவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். லிங்கை மட்டும் வீசிவிட்டு ஓடுகிறவர்கள் ஓடிவிடலாம்.

#2 வெட்டிவேந்தன்

இதுல என்ன சந்தேகம்? கொல்லன், தச்சன், மாவு மில்லுக்காரன், கூரை வேயறவன், எல்லாரும் ஊருக்குள்ளயே. தேவையானதை ஊரே செஞ்சுக்கிச்சு. ஆட்டையும் மாட்டையும் மேய்ச்சுக்கிட்டு, ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போயிட்டு, சாயங்காலம் பீர் குடிச்சுட்டு நிம்மதியா இருந்தான். அப்புறம் மெஷின் வந்துச்சு, எல்லாம் போச்சு. அவ்வளவுதான் கதை.

#3 பழஞ்சுவடி

வேந்தன் தம்பி, கதையை இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் அந்தப் படம். மில்டன் அப்பாஸ் தானாக வளர்ந்த ஊர் இல்லை. பக்கத்துப் பள்ளத்தில், பழைய மடத்துக் கோயிலை ஒட்டி, சந்தையும் பள்ளிக்கூடமும் சத்திரங்களும் உள்ள மிடில்டன் என்ற ஊர் இருந்தது. அந்த இடத்தை வாங்கிய மில்டன் பிரபு ஜோசப் டேமர், தன் மாளிகையின் பார்வைக்கு அந்த ஊர் இடைஞ்சல் என்று நினைத்தார். வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி இடித்தார். குடியிருந்தவர்களுக்காக 1780 வாக்கில், மாளிகையிலிருந்து பார்த்தால் கண்ணில் படாத ஒரு மடிப்பில், ஒரே அச்சில் இந்த வீடுகளைக் கட்டினார். மாளிகைத் தோட்டங்களுக்குப் பேர்போன 'கேப்பபிளிட்டி' பிரவுனுக்கு இதன் திட்டத்தில் பங்குண்டு. நீங்கள் ஒரு வீடு என்று நினைத்து அடுக்கியது ஒவ்வொன்றும் இரண்டு குடும்பத்துக்கானது.

படத்தில் பட்டறை ஏன் இல்லை என்று கேட்டீர்களே, அந்த ஊர் எப்படித் தெரிய வேண்டும் என்று தீர்மானித்தவர் அங்கே குடியிருந்தவர் இல்லை.

அடுத்து ஒரு விஷயம். இங்கிலாந்தில் அப்போது "மூடிய ஊர்", "திறந்த ஊர்" என்று இரண்டு வகை பேசுவார்கள். ஊர் முழுக்க ஒரே நிலக்காரர் கையில் இருந்தால் மூடிய ஊர். ஏழைகளைப் பராமரிக்கிற வரி அந்தந்தத் திருச்சபை வட்டத்தின் தலையில் விழுந்ததால், நிலக்காரர் தன் ஊரில் வீடுகளைப் பெருகவிட மாட்டார். வேலைக்கு ஆள் வேண்டும், குடியிருக்க ஆள் வேண்டாம். அதனால் கூலிக்காரர்கள் நெரிசலான திறந்த ஊர்களில் தங்கி, தினமும் மைல் கணக்கில் நடந்து வந்தார்கள். 1865இல் அந்தச் செலவைப் பல வட்டங்கள் சேர்ந்த யூனியனுக்குப் பொதுவாக்கிச் சட்டம் வந்த பிறகுதான் இந்தக் கணக்கு மாறியது. அழகாகத் தெரிகிற ஊரில் ஆள் குறைவாக இருந்ததற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

#4 வெட்டிவேந்தன்

வாத்தியாரே, பிரபு கதை சரி. ஆனா கைத்தொழில்காரன் இருந்தானா இல்லையா? அதைச் சொல்லுங்க.

#5 லேத்துமணி

இதுக்கு நான் வர்றேனுங்க. கோயமுத்தூர்ல சின்னதா ஒரு ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன். எனக்கு ராஜா ராணி சரித்திரம் தெரியாது, அந்தக் காலத்து வண்டிச் சக்கரம் பத்தி மட்டும் பைத்தியமாப் படிச்சிருக்கேன்.

ஊருக்கு ஊர் சக்கரம் செய்யற தச்சன் ஒருத்தர் இருப்பாருங்க. ஒரு சக்கரத்துக்கு மூணு மரம். நடுவுல இருக்கற குடம் எல்ம் மரத்துல. ஏன்னா அதோட நார் ஒன்னுக்குள்ள ஒன்னு பின்னிக் கிடக்கும், சுத்தியும் பன்னெண்டு துளை போட்டாலும் பொளந்துக்காது. ஆரக்கால் ஓக் மரத்துல, அதையும் ரம்பத்தால அறுக்க மாட்டாங்க, நார் போற போக்குலயே பொளந்து எடுப்பாங்க. அறுத்தா நார் வெட்டுப்பட்டுப் பலம் போயிடும். வெளி வட்டை ஆஷ் மரத்துல, அது குலுக்கலைத் தாங்கி வளைஞ்சு குடுக்கும். ரெண்டு ஆரக்காலுக்கு ஒரு வட்டைத் துண்டு, ஆக பன்னெண்டுக்கு ஆறு. மரத்தை வாங்கிப் பல வருஷம் காயப் போட்டுத்தான் கையில எடுப்பாங்க. அப்பன் வாங்கிப் போட்ட மரத்துல மகன் சக்கரம் செய்வான்.

இன்னொன்னு கவனிங்க. சக்கரம் தட்டையா இருக்காது, தட்டு மாதிரி லேசாக் குழிஞ்சிருக்கும். குதிரை நடக்கறப்போ வண்டி இடதும் வலதும் ஆடும், பாரம் பக்கவாட்டுல இடிக்கும். தட்டையான சக்கரமா இருந்தா அந்த இடியில ஆரக்கால் பிடுங்கிக்கும். இந்தக் குழிவைக் காகிதத்துல வரைஞ்சு யாரும் சொல்லிக் குடுக்கலைங்க, கைப்பழக்கம்தான்.

அப்புறம் கொல்லன் வேலை. சின்ன உருளைச் சக்கரம் ஒன்னை வட்டைமேல உருட்டிச் சுத்தளவு எடுத்து, இரும்புப் பட்டையை அதைவிடக் கொஞ்சம் குறைச்சலாவே வளைச்சு ஒட்டுவாங்க. நெருப்புல போட்டா விரியும். ரெண்டு மூணு பேர் இடுக்கியால தூக்கிச் சக்கரத்துல மாட்டி அடிச்சு இறக்கி, மரம் பத்திக்கறதுக்குள்ள தண்ணியை ஊத்துவாங்க. பட்டை சுருங்கறப்போ இணைப்பெல்லாம் நறநறன்னு இறுகற சத்தம் கேட்குமாம். நாங்க பேரிங்கைச் சூடு பண்ணி ஷாஃப்டுல ஏத்தறமே, அதே சூத்திரம். எங்க ஊர் வண்டிப்பட்டறையிலும் வறட்டியை அடுக்கி இதையேதான் செஞ்சாங்க.

அதனால வேந்தன் சொன்னது அரைவாசி சரிங்க. கைத்தொழில்காரன் இருந்தான், மரியாதையாவும் இருந்தான்.

#6 புதிர்ப்பெட்டி

மணி அண்ணே, இதை ரெண்டு தடவை படித்தேன். பட்டை மாட்டுவதை யூடியூபில் தேடப் போகிறேன். அரைவாசி சரி என்றால் மீதி அரைவாசி?

#7 பழஞ்சுவடி

மீதி அரைவாசி கூலிக்காரன். மணி சொன்ன தச்சர் ஊருக்கு ஒருவர், கொல்லர் ஒருவர், மில்காரர் ஒருவர். வண்டியில் ஏறிய பாரத்தை ஏற்றியவன்தான் ஊரில் பெரும்பான்மை. 1841 மக்கள்தொகைக் கணக்கேட்டில் விவசாயக் கூலியை முழுதாக எழுதக் கை வலித்ததால், "ஏஜி லேப்" என்று சுருக்கி எழுதலாம் என்றே அனுமதி கொடுத்திருந்தார்கள். பக்கம் பக்கமாக அதுதான் இருக்கும். 1851இல் அந்த நாட்டில் மிகப் பெரிய தொழில் பிரிவு விவசாயம்தான். ஆலை இல்லை.

கூலி எவ்வளவு? 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்று நினைவில் வையுங்கள். 1850-51இல் ஜேம்ஸ் கேர்ட் என்பவர் நாடு முழுக்கச் சுற்றிக் கணக்கெடுத்தார். வட மாவட்டங்களில் வாரத்துக்குச் சராசரி 11 ஷில்லிங் 6 பென்னி, தெற்கே 8 ஷில்லிங் 5 பென்னி. வடக்கில் பக்கத்திலேயே சுரங்கமும் பஞ்சாலையும் ஆள் கேட்டன. பண்ணைக்காரர் கூட்டிக் கொடுக்காவிட்டால் ஆள் போய்விடுவான். தெற்கே போக இடமில்லை. "மெஷின் வந்து கெடுத்தது" என்ற வேந்தனுக்கு இது கொஞ்சம் இடிக்கும். மெஷின் பக்கத்தில் இருந்த ஊரில்தான் கூலிக்காரன் கொஞ்சம் நிமிர்ந்திருந்தான்.

கூலி போதாததற்கு ஒரு வைத்தியமும் பார்த்தார்கள். 1795இல் பெர்க்‌ஷயர் ஸ்பீன்ஹாம்லாந்தில் நீதிபதிகள் கூடி, ரொட்டி விலையோடு கூலியை இணைத்தார்கள். ஒரு கேலன் ரொட்டி (எடை ஏறத்தாழ 4 கிலோ) ஒரு ஷில்லிங் விற்றால் ஆணுக்கு வாரம் 3 ஷில்லிங், மனைவிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்றரை ஷில்லிங். குறைகிறதை ஏழை வரியிலிருந்து நிரப்புவது. விலைவாசியைப் பார்த்து உயர்வதில் நம் பஞ்சப்படி மாதிரிதான். ஆனால் கொடுப்பது முதலாளி இல்லை, ஊர் வரி. அப்புறம் எந்தப் பண்ணைக்காரர் கூலியை உயர்த்துவார்? 1834இல் புதிய ஏழைச் சட்டம் வந்து, உடம்பில் தெம்புள்ளவன் உதவி கேட்டால் ஒர்க்ஹவுசுக்குள், அதாவது ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்குகிற விடுதிக்குள், வா என்றது. ஆண் ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். ஹாம்ப்‌ஷயரில் ஆன்டோவர் ஒர்க்ஹவுசில் உரத்துக்காக எலும்பு நொறுக்க விட்டார்கள். பசி தாங்காமல் அந்த எலும்பில் ஒட்டியிருந்ததை உள்ளே இருந்தவர்கள் கடித்துத் தின்றது 1845இல் வெளியே வந்து பாராளுமன்றம் வரை நாறியது.

#8 லயத்துப்பிள்ளை

நான் இப்போ டார்செட்டிலதான் வேலை செய்யிறேன். எங்க தாத்தா ஆச்சி இலங்கையில ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்துல, அதான் கூலிக்காரங்க வரிசை வீட்டுல, இருந்தவங்க. ஒரு கட்டடத்துல ரெண்டு குடும்பம்னு வாத்தியார் சொன்னதும் சிரிச்சிட்டேன். எங்க லயத்துல ஒரே கூரைக்குக் கீழ பன்னிரண்டு காம்பரா, ஒவ்வொரு அறையும் ஒரு வீடு.

மில்டன் அப்பாசுக்கு லீவு நாள்ல போயிருக்கேன். படத்துல உள்ளது மாதிரியே அழகுதான், பொய் சொல்லக் கூடாது. ஆனா அங்கேருந்து கொஞ்ச தூரத்துல டோல்பட்டில்னு இன்னொரு ஊர் இருக்கு. அங்க ஒரு சிக்கமோர் மரம். இப்போவும் நிக்குது.

அந்த ஊர்ப் பக்கம் கூலி 9 ஷில்லிங்கா இருந்திச்சு. 8 ஆச்சு, 7 ஆச்சு, இனி 6தான்னு சொன்னாங்க. ஜார்ஜ் லவ்லெஸ்னு ஒருத்தர், ஏர் ஓட்டுறவர், மெதடிஸ்ட் சபையில பிரசங்கமும் செய்வார். அவரும் இன்னும் அஞ்சு பேரும் 1833ல ஒரு சங்கம் வச்சாங்க, அந்த மரத்தடியிலதான் கூடினதாச் சொல்லுவாங்க. சங்கம் வைக்கிறது அப்போ குற்றம் இல்ல. அதனால 1797ல கடற்படைக் கலகத்துக்காகக் கொண்டுவந்த சட்டத்தைத் தூசு தட்டி, ரகசியச் சத்தியம் வாங்கினதுதான் குற்றம்னு 1834 மார்ச்சுல டோர்செஸ்டர் கோர்ட்டுல ஏழு வருஷம் ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தினாங்க. லண்டன்ல பெரிய ஊர்வலம், மனு எல்லாம் நடந்து 1836ல மன்னிப்பு வந்திச்சு. திரும்பி வந்தவங்கள்ல அஞ்சு பேர் கடைசியில கனடாவுக்குக் குடிபோயிட்டாங்க. ஜேம்ஸ் ஹாமெட் மட்டும் ஊரோட தங்கினார். அவர் 1891ல செத்தது டோர்செஸ்டர் ஒர்க்ஹவுசுல. கல்லறை டோல்பட்டிலில இருக்கு, பார்த்தேன்.

இன்னொன்னும் சொல்லணும். நாள்கூலிக்காரனுக்கு மழை பெய்ஞ்சு வேலை நின்னா கூலி இல்ல. இங்க எவ்வளவு மழைன்னு எனக்குத் தெரியும். எங்க தோட்டத்துல இதை "பேரு விழல"ன்னு சொல்லுவோம். அரைநாள் வேலைன்னா அரைப்பேரு. டார்செட்டுக்காரனுக்கும் பேரு விழாத நாள் நிறைய இருந்திருக்கு.

#9 புதிர்ப்பெட்டி

படித்துவிட்டு ஜிக்சாவை மறுபடி பார்த்தேன். இப்போது அது கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது.

ஒரு கணக்கு இடிக்கிறது வாத்தியார். 8 ஷில்லிங்கில் ரொட்டிக்கே சரியாகிவிடுமே? வாடகை, செருப்பு, விறகு? பெண்கள் என்ன செய்தார்கள்? இதுவரை இந்த இழையில் ஒரு பெண்கூட வரவில்லை.

#10 பழஞ்சுவடி

தலையில் குட்டிவிட்டீர்கள் அம்மா. கணக்கேட்டிலும் அப்படித்தான். 1841இல் கணக்கெடுத்தவர்களுக்குக் கொடுத்த அறிவுரையிலேயே, மனைவியின் தொழிலையும், கூலி வாங்காமல் பெற்றோருக்கு உதவுகிற பிள்ளைகளின் தொழிலையும் எழுத வேண்டியதில்லை என்று இருந்தது. அதனால் அந்தக் கட்டம் பெரும்பாலும் காலி.

நடந்தது வேறு. அறுவடை முடிந்த வயலில் கதிர் பொறுக்குவது பெண்களும் பிள்ளைகளும். பல ஊர்களில் கோயில் மணி அடித்த பிறகுதான் வயலில் இறங்கலாம், சாயங்கால மணிக்கு ஏறிவிட வேண்டும், முந்தி வந்தவள் அள்ளிக்கொண்டு போகக் கூடாது என்பதற்காக. இது சட்டப்படி உரிமை இல்லை என்று 1788லேயே தீர்ப்பு வந்தாயிற்று, ஊர் அதைக் கண்டுகொள்ளவில்லை. குளிர்காலத்து மாவு இப்படிச் சேர்ந்தது. கொல்லையில் பன்றி ஒன்று. பையன்கள் காக்காய் விரட்டினார்கள். பிற்காலத்தில் கூலிக்காரர் சங்கம் கண்ட ஜோசப் ஆர்ச், ஒன்பது வயதில் 12 மணி நேரம் காக்காய் விரட்டி 4 பென்னி வாங்கினவர்.

வீட்டுக்குள்ளேயே செய்த வேலை மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. பெட்ஃபர்ட்‌ஷயரிலும் ஹார்ட்ஃபர்ட்‌ஷயரிலும் தொப்பிக்கு வைக்கோல் பின்னினார்கள், லூட்டன் நகரத்துத் தொப்பிகளுக்கு. வைக்கோலை நனைக்க வாயில் வைத்துக்கொண்டே பின்னுவார்கள். 20 கெஜம் ஒரு கணக்கு, அப்படித்தான் சந்தையில் விற்கும். பக்கிங்ஹாம்‌ஷயரில் லேஸ். அதற்குப் "பள்ளிக்கூடம்" என்று பெயர் வைத்து ஐந்தாறு வயதுப் பிள்ளைகளை உட்கார்த்தினார்கள், கற்றது லேஸ் மட்டுமே. ராத்திரியில் ஒரே மெழுகுவத்தி, சுற்றிலும் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவைகள். குடுவை வெளிச்சத்தைக் குவித்து ஒவ்வொருத்தியும் லேஸ் பின்னுகிற தலையணைமேலும் விழவைக்கும்.

#11 லயத்துப்பிள்ளை

டார்செட்டுக்கு அது பித்தான். மியூசியத்துல பார்த்தேன், கண்ணாடியை மூக்குல இறக்கிவிட்டு அரைமணி நேரம் நின்னேன். 1600கள்ல ஆட்டுக்கொம்பு வில்லையை அடியில வச்சுத் துணியும் நூலும் சுத்திச் செஞ்சாங்க. அப்புறம் வந்தது கம்பி வளையம். வளையம் முழுக்க நூலைச் சுத்தித் தையல் போடணும். முடிச்சு எல்லாம் உள்பக்கம் வர்ற மாதிரித் திருப்பணும். குறுக்கும் நெடுக்கும் நூல் இழுத்து ஆரக்கால் போடணும். நடுவில கட்டி, அதைச் சுத்திச் சுத்தி நெய்யணும். அந்த வகைக்குப் பேரே "பிளாண்ட்ஃபர்ட் வண்டிச்சக்கரம்". கண்ணும் விரலும் நல்லா இருந்தா வயல்ல களை எடுக்கிறதைவிட வருமானம், மழையில நனையவும் வேணாம்.

1840, 50கள்ல இயந்திரப் பித்தான் வந்திச்சு. கொஞ்ச வருஷத்துல சுத்தமாப் போச்சு. நிறையக் குடும்பம் கப்பல் ஏறிட்டாங்க.

#12 வெட்டிவேந்தன்

ஆக மெஷின்! நான் ரெண்டாவது பதிவுலயே சொன்னேனா இல்லையா? வாத்தியார் மன்னிப்பு கேட்கணும்.

#13 பழஞ்சுவடி

பாதி மன்னிப்பு தருகிறேன். பித்தானில் நீங்கள் ஜெயித்தீர்கள். ஆனால் வைக்கோல் பின்னலைக் கொன்றது மெஷின் இல்லை தம்பி. 1870களுக்குப் பிறகு சீனாவிலிருந்தும், பின்னால் ஜப்பானிலிருந்தும் வந்த மலிவான பின்னல். அதுவும் கைவேலைதான், வேறு ஊர்ப் பெண்களின் கை. தானிய விலையும் அதே காலத்தில் அமெரிக்கக் கோதுமையால் விழுந்தது. தெருவில் மணியின் சக்கரத்தைச் செய்தவருக்குக் கெட்ட காலம் அதற்கெல்லாம் பிறகுதான்.

மெஷினை நேரடியாக எதிர்த்தது 1830இல், கதிரடிக்கும் இயந்திரத்தை. ஏன் அதை மட்டும் என்று யோசியுங்கள். தோல் வாரால் இணைத்த இரண்டு கட்டையைச் சுழற்றிக் களத்தில் அடிக்கிற வேலை, நவம்பரிலிருந்து வசந்தம் வரை ஆண்களுக்குக் கிடைத்த முக்கியமான வேலை. அது போனால் குளிர்காலம் முழுக்க ஏழை வரிக்குக் கையேந்த வேண்டும். ஆகஸ்ட் 28ஆம் தேதி ராத்திரி கென்ட்டில் லோயர் ஹார்ட்ரெஸ் என்ற ஊரில் முதல் இயந்திரத்தை உடைத்தார்கள். "கேப்டன் ஸ்விங்" என்ற இல்லாத ஆளின் கையெழுத்தோடு பண்ணைக்காரர்களுக்கு மிரட்டல் கடிதம் போனது. டார்செட் வரை பரவியது. 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், ஏறத்தாழ 480 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள்.

#14 புதிர்ப்பெட்டி

பித்தான் மெஷினை யாரும் உடைக்கவில்லையா?

#15 பழஞ்சுவடி

அது ஊருக்குள் வரவே இல்லையே அம்மா. எங்கோ நகரத்து ஆலையில் ஓடியது. இவர்களுக்கு வந்தது பித்தான் வாங்குகிற ஏஜென்ட் வராத செய்தி மட்டும்.

#16 லயத்துப்பிள்ளை

ஒரு சின்ன விஷயம் சொல்லிட்டுத் தூங்கப் போறேன், காலையில டியூட்டி. அந்தக் குடிசைக்காரங்க ரொட்டியோட சூடாக் குடிச்சது தேத்தண்ணிதான். சில வீட்டுல அது ஒண்ணுதான் சூடான சாப்பாடு. முதல்ல சீனத் தேயிலை. இலங்கையில 1869ல கோப்பிக்கு நோய் வந்து அழிஞ்சு தேயிலை போட்டாங்க, 1890ல லிப்டன் தோட்டங்களை வாங்கி மலிவா வித்தார். ஹாமெட் கடைசிக் காலத்துல ஒர்க்ஹவுசுல குடிச்ச தேத்தண்ணி எங்க ஆளுங்க கொய்த கொழுந்தா இருந்திருக்கலாம். ரெண்டு பக்கமும் பேரு விழாத ஆளுங்க.

#17 வெட்டிவேந்தன்

சரி, பாதி மன்னிப்பை வாங்கிக்கறேன். பீர் குடிச்சது மட்டும் நிஜந்தானே?

#18 பழஞ்சுவடி

அது நிஜம். சாமர்செட், ஹெர்ஃபர்ட்‌ஷயர் பக்கம் ஆப்பிள் சைடரைக் கூலியில் ஒரு பங்காகவே கொடுத்தார்கள். 1887இல் சட்டம் போட்டு நிறுத்த வேண்டியிருந்தது.

#19 லேத்துமணி

இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, பட்டறை லீவுங்க. லயத்துப்பிள்ளை சொன்னதைப் படிச்சுட்டு ஒரு வாஷர் வளையத்தை எடுத்து, வீட்டுக்காரம்மாவோட தையல் நூலை வாங்கி உட்கார்ந்தேன். முதல்ல சுத்தின நூல் அவுந்துடுச்சு. ரெண்டாவது தடவை ஆரக்கால் பன்னெண்டு போட்டா நடு எங்கயோ ஓரமாப் போய் நிக்குது. நாலாவது தடவைதான் வண்டிச்சக்கரம் மாதிரி ஏதோ வந்துச்சு. அம்பது நிமிஷம். கண்ணுல தண்ணி. போட்டோ போடறேன், சிரிக்காதீங்க.

இதை எத்தனை செஞ்சா ஒரு கணக்காம்?

#20 லயத்துப்பிள்ளை

ஒரு குரோசு. பன்னிரண்டு டசன். இன்னும் 143 இருக்கு மணி அண்ணே.